யாருடைய கதையைச் சொல்கிறோம்?

"குழந்தைகளுக்குக் கதை சொல்லுங்கள், வாசிக்கப் பழக்குங்கள்" என்கிறார்கள். சரி, யாருடைய கதையை? ஏகலைவனின் கட்டைவிரலைப் பறித்ததைக் 'குருபக்தி' என்று இன்னும் எத்தனை தலைமுறைக்குச் சொல்லப் போகிறோம்?

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, பிள்ளைகளை இராமாயணமும் மகாபாரதமும் படிக்க வைத்தவர். கேலுஸ்கர் பரிசளித்த புத்தர் வரலாற்றைப் படித்த சிறுவன் பீமாராவ், தந்தையிடமே கேட்டார்: பார்ப்பனரையும் சத்திரியரையும் உயர்த்தி, சூத்திரரையும் தீண்டப்படாதோரையும் இழிவுசெய்யும் இந்நூல்களை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள்? 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்காக 1956இல் எழுதிய முன்னுரையில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

வாசிப்பு தர வேண்டியது இந்தக் கேள்வியைத்தான். ஏகலைவன் கதையையும் சொல்லுங்கள். "துரோணர் ஏன் விரலைக் கேட்டார்?" என்று குழந்தை கேட்டால் மழுப்பாதீர்கள். அர்ச்சுனனை ஒரு வேடர் குலப் பிள்ளை மிஞ்சிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.