தனிவழிப் பிரயாணமும் இரு தலைமுறைப் புத்திமதியும்

பிள்ளையொன்று உத்தியோகத்தின் பொருட்டு முதன்முறையாகத் தனியே கொழும்புக்குப் புறப்படுகிறதென்றால், எமது யாழ்ப்பாணத்து வீடுகளில் இரண்டு பொருள்கள் தட்டின்றிக் கிடைக்கும். ஒன்று வறுத்திடித்த மிளகாய்த்தூள், மற்றையது புத்திமதி. தூளையேனும் தாயார் அளந்து கட்டுவார். புத்திமதிக்கு அளவில்லை. அயல்வீட்டார் படலையைத் திறந்துகொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். கோயில் வீதியிற் கண்ட பெரியவர் மறித்து நிறுத்திக் கொடுப்பார். புகைவண்டி அசையத் தொடங்கிய பின்னரும் யன்னலோடு கூட நடந்துவந்து கொடுப்பாருமுண்டு.

இப்புத்திமதிகளை உற்றுக் கேட்கும் வழக்கம் எமக்குண்டு. அவற்றிற் கொழும்பைப் பற்றிய செய்தி குறைவு. சொல்பவர் எந்தக் காலத்தில், எந்தப் பாதையாற் கொழும்புக்குப் போனார் என்ற செய்தியே அதிகம். எண்பது வயதைத் தாண்டிய பாட்டனார் சொல்வதும் ஐம்பது வயதுத் தந்தையார் சொல்வதும் ஒரே நகரைப் பற்றியனதாமோ என்று ஐயுறும்படி இருக்கும்.

பாட்டனார் சொல்வது கோச்சிக் காலத்துப் புத்திமதி. 'தம்பி, மூலை இருக்கையாய்ப் பார்த்துப் பிடி. காலையில் இடப்பக்கம் வெயில், வலப்பக்கம் இரு. மத்தியானம் திரும்பினால் வலப்பக்கம் வெயில் வரும்.' எந்தப் பக்கம் இருந்தாலும் அரைநாள் வெயில் உண்டென்பதை அவர் சொல்வதில்லை. எந்தச் சைவக் கடையிற் சாம்பார் நல்லது, எந்தத் தெருவில் வாடகை மலிவு, சம்மறியிற் சேரும்போது யாரிடம் எவ்வளவு முற்பணம் கொடுப்பது என்பனவெல்லாம் அடுத்து வரும். சம்மறி என்பது இளம் வாசகர் பலர் அறியாத சொல்லாயிருக்கலாம். மணமாகாத உத்தியோகத்தரும், மணமாகியும் மனைவியை ஊரில் விட்டுவந்தவரும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரை வைத்து, செலவைப் பங்கிட்டு வாழும் ஏற்பாடே அது.

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்று எமது முன்னோர் சொல்லிவைத்தது வேடிக்கைக்காக மட்டுமன்று. மழையை நம்பிய வயலும் இறைப்பை நம்பிய தோட்டமும் கொண்ட குடாநாட்டில், ஆங்கிலம் கற்ற பிள்ளைக்கு அரசாங்க எழுதுவினைஞர் உத்தியோகமே நிலையான விளைநிலமாயிற்று. 1905 ஆம் ஆண்டில் வடக்குப் புகைவண்டிப் பாதை முழுமை பெறுமுன், கொழும்புக்குப் போவதென்றால் வன்னிக் காட்டினூடே பல நாட் பிரயாணம், அல்லது கடற்பிரயாணம். பாதை வந்த பின் அது ஓர் இரவாகச் சுருங்கிற்று. 1956 ஆம் ஆண்டில் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியதும், காலையிற் காங்கேசன்துறையிற் புறப்பட்டவர் அன்றிரவு கொழும்பிற் சாப்பிடலாம் என்றாயிற்று.

புகைவண்டி கொழும்பை எமக்கு அண்மையாக்கிற்று என்று எழுதுவது வழக்கம். எமது கருத்து வேறு. அது எமது ஊரைத்தான் அண்மையாக்கிற்று. மனைவி மக்கள் கொக்குவிலிலோ சுன்னாகத்திலோ இருக்க, குடும்பத் தலைவர் மாதந்தோறும் காசுக்கட்டளை அனுப்பிக்கொண்டு, அரசாங்கம் தரும் புகைவண்டி வொறண்டை விடுமுறைக்கு விடுமுறை எண்ணிக்கொண்டு, முப்பது வருடத்தைக் கொழும்பிற் கழித்துவிட இயன்றது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் குடும்பத்தோடு வேரூன்றியவர்களும் பலர். அவர்களை நாம் மறக்கவில்லை. ஆயினும் கந்தோருக்கும் சம்மறிக்கும் இடைப்பட்ட ஒரு தெருவைத் தவிர வேறெதுவும் அறியாது ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள் அவர்களினும் அதிகம் என்றே எமக்குத் தோன்றுகிறது. அவ்வளவு காலமும் ஊரில் வீடு, வளவு, கிணறு, பிள்ளைகளின் படிப்பு யாவற்றையும் தனியே நடத்திய தாய்மாரைப் பற்றி இதே பத்தியிற் பிறிதொருநாள் விரிவாய் எழுத எண்ணியுள்ளோம்.

யாழ்தேவி ஓடத் தொடங்கிய அதே 1956 ஆம் ஆண்டிற்றான் சிங்களத்தை மாத்திரம் அரச கரும மொழியாக்கிய சட்டமும் நிறைவேறிற்று. உத்தியோகத்துக்கு விரைந்து போக வண்டி வந்த வருடமும், உத்தியோகத்தின் வாசல் ஒடுங்கத் தொடங்கிய வருடமும் ஒன்றே. சிங்களச் சோதனையிற் சித்தியெய்தாதவர்க்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் அதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில், கொழும்பிலிருந்த எம்மவர் வொறண்டும் விடுமுறையும் இன்றி, உடுத்த உடையோடு, கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கிய கதையையும் பாட்டனார் அறிவார். ஆனால் புறப்படும் பிள்ளைக்கு அதை அவர் சொல்வதில்லை. மூலை இருக்கையைப் பற்றியே சொல்லுவார்.

தந்தையாரின் புத்திமதியோ மூலை இருக்கையை அறியாது. அவருக்கு வண்டியே இருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. நிலையங்கள் கூரையிழந்து நின்றன. அக்காலத்து இளைஞர் கொழும்புக்குச் சென்ற பாதைகளைக் கேட்டால் இன்றைய மாணவர் வியப்பர். இருளிற் கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்தவர் சிலர். அவ்வழியில் உயிரிழந்தாரும் உளர். பின்னர் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல். அதற்கு அனுமதிச் சீட்டு. அதைப் பெறுவதற்கு வரிசை. 2002 இல் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் மூடிற்று. கொழும்பை அடைந்த பின்பு லொட்ஜ் அறை, பொலிஸ் பதிவு, நள்ளிரவிற் கதவு தட்டும் ஓசை.

ஆகையால் அவர் சொல்வது இவ்வாறிருக்கும்: 'அடையாள அட்டையைக் கைவிட்டுப் பிரியாதே. இருட்டுமுன் அறைக்குப் போய்விடு. பஸ்ஸில் தமிழிற் சத்தமாய்ப் பேசாதே. கண்டவரோடு பழகாதே.' இளைஞர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதை நாம் கண்டிருக்கிறோம். சிரிக்கலாகாது. அவ்வாக்கியம் ஒவ்வொன்றும் விலை கொடுத்து வாங்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்தது. அவ்விதம் ஏற்றப்பட்டவர்களுள் வேலை தேடியும் சோதனை எழுதவும் வந்தவர்கள் இருந்தனர். அவர்களின் வயதினரே இன்று பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோர்.

2014 ஒக்டோபரில் வண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 ஜனவரியிற் காங்கேசன்துறை வரை சென்றது. இடையிற் போனவை இருபத்து நான்கு ஆண்டுகள். பாட்டனார் தந்தைக்கும், தந்தை மகனுக்கும் கைமாற்றியிருக்க வேண்டிய வழியறிவு அந்த இடைவெளியில் அறுந்துபோயிற்று.

இவ்வளவும் எமக்கு நினைவில் வரக் காரணம், தென்மராட்சியிலிருந்து தாயார் ஒருவர் எமக்கு எழுதிய கடிதம். கணக்கியல் கற்ற மகளுக்குக் கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. பகல் வண்டியில் தனியே போகிறேன் என்கிறாள் மகள். தானும் கூடச் சென்று அறை பார்த்து, கந்தோர் வாசலிற் கொண்டுபோய் விட்டுவருவதாகச் சொல்கிறார் தாய்மாமன். 'நான் எவரின் பக்கம் நிற்பது?' எனக் கேட்கிறார் தாயார்.

மகளின் பக்கமே நிற்கவேண்டும் என்பது எமது துணிபு. துணையோடு செல்லும் பிள்ளை, நிலையங்களின் பெயரை வாசிக்காது. எவரிடம் வழி கேட்பதென்று யோசிக்காது. பெட்டியை எங்கே வைப்பதென்றும் அறியாது. மாமன் திரும்பிய மறுநாட் காலையில் அவள் அத்தனையையும், கந்தோர் நேரத்து நெருக்கடியின் நடுவே, தனியே கற்க நேரும். அதற்குப் பகல் வெளிச்சமும் பல மணி நேரமும் உள்ள வண்டிப் பிரயாணம் எவ்வளவோ நல்லது. மாமனார் யாழ்ப்பாண நிலையத்து மேடை வரைக்கும் தாராளமாக வரட்டும். பெட்டி கனமாயிருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆயினும் தாயாரின் அச்சத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. அதற்குரிய மருந்து துணையாளன்று, முன்னேற்பாடு. வேலை திங்களன்று தொடங்குமாயின் வெள்ளிக்கிழமையே போய்ச் சேரவேண்டும். ஞாயிறன்று, சனமில்லாத வேளையில், அறையிலிருந்து கந்தோர் வரை ஒருமுறை போய்வர வேண்டும். எந்தப் பஸ், எந்தத் தரிப்பு, நடக்க எத்தனை நிமிடம் என்பது அப்போது தெரிந்துவிடும். அறையைக் கண்ணாற் காணாமல் முற்பணம் கொடுக்கலாகாது. கொடுத்தபின் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வரலாகாது. உறவினரின் வீடு உண்டானால் முதல் இரண்டொரு நாட்களுக்கு அங்கே தங்கி அறை தேடலாம். இரண்டொரு நாளென்பது இரண்டொரு மாதமாகாதவரை உறவும் நிலைக்கும். சம்பளம் மாத முடிவிலேதான் கைக்கு வரும் என்பதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். முதல் மாதத்து வாடகை, சாப்பாடு, போக்குவரத்து ஆகியவற்றுக்கு வேண்டிய பணத்தைக் கணக்கிட்டு, பெரும்பகுதியை வங்கியிலே இட்டுச் செல்லல் நன்று.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழும் அரச கரும மொழியென்பது 1987 முதல் அரசியலமைப்பில் உள்ளது; அவள் அரசாங்கக் கந்தோரொன்றுக்குத் தமிழிற் கடிதம் எழுதத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கார அம்மாவும் பஸ் கொண்டக்டரும் பக்கத்து மேசைத் தோழியும் அரசியலமைப்பைப் பார்த்துப் பேசுவதில்லை. பாட்டனாரின் தலைமுறைக்குச் சிங்களம் ஒரு சோதனையாக வந்தது. தந்தையாரின் தலைமுறைக்கு அது சோதனைச் சாவடியில் ஒலித்தது. இரண்டும் ஒரு மொழியைக் கற்கத் தகுந்த இடங்களல்ல. இவளோ கடையிலும் கந்தோரிலும் சிநேகிதிகளிடமும் கற்கலாம். ஆறு மாதத்தில் நன்கு பேசலாம் என்பது எமது கணக்கு.

இனிப் பிரயாணம். ஆசனத்தை முன்பதிவு செய்துகொள்க. வண்டி ஓடுகிறதா என்பதையும் முன்னரே விசாரிக்க வேண்டும். பாதை திருத்தத்துக்காக 2023 இன் தொடக்கத்தில் அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையிலும், 2024 இன் தொடக்கத்தில் மாகோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையிலும் பாதை மூடப்பட்டதை நாம் கண்டோம். ஏறியபின், குடும்பமாக வருவோரின் அருகே இருக்கை அமைந்தால் நன்று. ஆனையிறவைக் கடக்கும்போது நித்திரை கொள்ளவேண்டாம். இருபுறமும் நீரும் உப்பு வெளியுமாக அக்காட்சி சில நிமிடமே. முறிகண்டிப் பிள்ளையாருக்கு யன்னலிலிருந்தே கைகூப்பலாம். பஸ்ஸிற் போவாருக்குக் கிடைக்கும் கச்சான் மட்டும் கிடையாது. மதவாச்சியில் மன்னார்ப் பாதையும், மாகோவில் மட்டக்களப்பு, திருகோணமலைப் பாதையும், பொல்காவலையிற் கண்டிப் பாதையும் வந்து சேரும். அச்சந்திகளில் ஏறுபவர்களின் மொழியும் முகமும் மாறுவதைக் கவனித்தால் இந்நாட்டின் பூமிசாத்திரம் புத்தகமின்றியே விளங்கும். பனை மறைந்து தென்னை வரும். இறால் வடை விற்பவரின் குரல் வண்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கேட்கும். வாங்கி உண்ணலாம், தாயார் கட்டிக் கொடுத்த புட்டை முதலில் முடித்துவிட்டு.

கோட்டை நிலையத்தில் இறங்கியதும் எல்லாரும் வாசலை நோக்கி விரைவர். வெள்ளவத்தைக்குப் போகிறவள் அவர்களோடு விரைய வேண்டாம். பெட்டியோடு புறக்கோட்டைச் சனத்துள் இறங்கி 100 அல்லது 101 இலக்கப் பஸ்ஸைத் தேடுவதிலும், நிலையத்துக்குள்ளேயே கரையோரப் பாதைக்குரிய மேடையை விசாரித்து, அடுத்த வண்டியில் ஏறுவது எளிது. கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அதற்கடுத்தது வெள்ளவத்தை. வலப்பக்கம் முழுவதும் கடல். சாய்ங்காலமாகையால் வெயில் முகத்தில் அடிக்கும். பாட்டனாரின் விதிப்படி இடப்பக்கம் இருக்கவேண்டும். அன்று ஒரு நாளைக்கு அவ்விதியை மீறலாம். வெள்ளவத்தை நிலையத்திலிருந்து காலி வீதிக்கு நடக்கும் தூரமே. பெட்டியின் கனத்தால் முச்சக்கர வண்டியை அழைப்பதானால், மீற்றர் உண்டா என்று கேட்டபின் ஏறுக.