மொழிக்கு மொழி: 'வா' என்று சொல்லுங்கள்!

சென்னையில் உள்ள ஆர்மீனியன் தெருவை 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிய புண்ணியவான்கள் நாம். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-ல் இந்தச் சென்னைப் பட்டணத்தில்தான் வெளிவந்தது. அந்த உறவுக்காகவாவது, அவர்கள் எப்படி ஏவுகிறார்கள், எப்படி வேண்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

'எழுது' என்பதற்கு 'கிரிர்'. பலரிடமோ, பெரியவரிடமோ சொல்வதானால் 'கிரெக்'. நம்முடைய 'எழுதுங்கள்' மாதிரியேதான். 'தண்ணீர் கொடு' என்பது 'ஜூர் தூர்'. அடேயப்பா, சொற்களின் வரிசைகூட நம் வரிசை! ஆனால் 'வா' என்றால் 'அரி', 'வாருங்கள்' என்றால் 'யெகெக்'. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

தடுப்பதற்கு 'மி' என்ற ஒரே எழுத்துச் சொல். 'மி கிரிர்' என்றால் எழுதாதே. இதை அவர்கள் எழுதும் விதம் வேடிக்கையானது. நாம் ஆச்சரியக்குறியை வாக்கியத்தின் வாலில் வைக்கிறோம். அவர்களோ ஏவுகிற சொல்லின் கடைசி உயிரெழுத்தின் தலையிலேயே 'ஷெஷ்த்' என்று ஒரு சிறு கோடு போடுகிறார்கள். 'மி' வந்துவிட்டால் கோடு அதன் தலைக்குத் தாவிவிடும். அதட்டல் எங்கே விழுகிறது என்று படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது!

தயவாகக் கேட்க 'கந்த்ரும் எம்'. 'வேண்டிக்கொள்கிறேன்' என்று பொருள். பேருக்குப் பின்னால் 'ஜான்' என்று சேர்த்தால் கட்டளையும் கொஞ்சலாகிவிடும். இதற்கெல்லாம் மேலே 'த்ஸவ்த் தானெம்' என்று ஒன்று உண்டு. 'உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். பேரனின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களை நெரித்துக்கொள்ளும் நம் பாட்டிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1915-ல் தொடங்கிய படுகொலைகளில் தப்பிச் சிதறியவர்களின் மொழி மேற்கு ஆர்மீனியம். அதில் 'வா' என்பது 'யெகூர்'. தயவுசெய்து என்பதற்கு 'ஹாஜிஸ்'. 2010-ல் யுனெஸ்கோ அதை அழியும் அபாயத்தில் உள்ள மொழிகளில் சேர்த்தது. பாரிஸிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ பிறந்த குழந்தை, 'வா, சாப்பிடு, உட்கார்' என்பதைக் காதால் கேட்டு வளரலாம். பதிலைப் பிரெஞ்சிலோ இங்கிலீஷிலோ சொன்னால் என்ன ஆகும்? 'யெகூர்' புரியும், ஆனால் தாத்தாவைப் பார்த்துத் தானே சொல்ல வேண்டிய 'யெகெக்' வாயில் வராது. பாட்டியோ தட்டை நகர்த்தி, 'கெர், கெர்' என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். 'சாப்பிடு, சாப்பிடு' என்றுதான் சொல்கிறாள்.