என்ன உயரம் வருவான்?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவரிடம் போய், "இந்தப் பச்சைப் பொம்மை சூளையிலிருந்து வெளியே வரும்போது என்ன உயரம் இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டென்று சொல்லிவிடுவார். காயும்போது எவ்வளவு சுருங்கும், வேகும்போது எவ்வளவு சுருங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதற்குத் தகுந்தபடி அச்சையே கொஞ்சம் பெரிதாகச் செய்திருப்பார். இதில் ஜோசியம் எதுவும் இல்லை. மண்ணும் அவர் கையில், சூளையும் அவர் கையில்.

பிள்ளைகளைப் பற்றியும் நாம் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம். "என்ன உயரம் வருவான் டாக்டர்?" பதிலும் ரெடி. அப்பா, அம்மா உயரத்தை சென்டிமீட்டரில் கூட்டுங்கள். பையன் என்றால் 13 சேருங்கள், பெண் என்றால் 13 கழியுங்கள். இரண்டால் வகுங்கள். பிரிட்டனில் டானரும் அவருடைய சகாக்களும் 1970-ல் வெளியிட்ட முறையிலிருந்து வந்த கணக்கு. விடையில் எட்டரை சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம்.

சரி, போட்டுப் பார்ப்போம். விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கூலிக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா 160, அம்மா 148. பையனுக்கு விடை 160.5. எட்டரையையும் சேர்த்துக் கொடுத்தாலும் 169. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்ட ஆண்களுக்கு 170 வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. பையன் இன்னும் பால்பல்லே விழாமல் திரிகிறான். அதற்குள் ஒரு வேலை அவன் கைக்கு எட்டாமல் போய்விட்டது!

என் சண்டை கணக்கோடு இல்லை. பிள்ளையின் வளர்ச்சி இந்த எல்லைக்கு ரொம்பக் கீழே போனால் ஏதோ நோய் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகிக்க இது உதவும். அதை ஜாதகமாக்கி, "அப்பனும் குள்ளம், ஆத்தாளும் குள்ளம், பிள்ளை மட்டும் எங்கே வளரப்போகுது?" என்று கதவைச் சாத்துகிறார்களே, அவர்களோடுதான் சண்டை.

அந்த அப்பாவின் 160 எங்கிருந்து வந்தது? அம்மாவின் 148? பரம்பரை மட்டுமா? அவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது கிடைத்த சோறு, கிடைக்காத சோறு, அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கு, குடித்த தண்ணீர் எல்லாமும் அந்த எண்களுக்குள் இருக்கலாம். பழைய பசியைக் கூட்டி, இரண்டால் வகுத்து, பிள்ளை தலையில் எழுதுகிறோம். அதற்கு விஞ்ஞானம் என்று பேர் வேறு.

பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. 54 லட்சம் பேரை ஆராய்ந்து, உயரத்தோடு தொடர்புள்ள 12,000-க்கும் மேற்பட்ட மரபணு மாறுபாடுகளை 2022-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் தென்கொரியாவைப் பாருங்கள். அங்கே 1896-ல் பிறந்த பெண்களைவிட 1996-ல் பிறந்த பெண்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரம். நூறு வருஷத்தில் மரபணு அவ்வளவு மாறிவிடாது. சூளைதான் மாறியது.

உலக சுகாதார நிறுவனம் தெற்கு டெல்லி உட்பட ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து, 2006-ல் வளர்ச்சி அளவுகோல் வெளியிட்டது. தாய்ப்பால், நல்ல சாப்பாடு, சுத்தமான சூழல் கிடைத்த குழந்தைகள் ஐந்து வயதுவரை எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். தமிழ்நாட்டிலோ, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நாலில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லை. குள்ளமாகப் பிறப்பது வேறு, குள்ளமாக்கப்படுவது வேறு.

1956-ல் காமராஜர் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமை. ஆனால் கருவான நாளிலிருந்து இரண்டு வயது முடியும்வரை உள்ள ஆயிரம் நாட்கள்தான் முக்கியம். தட்டோடு பள்ளிக்கூடத்தில் உட்காரும்போது அந்த நாட்கள் போயே போய்விட்டன. சூளையைக் கவனிப்பது என்றால் கர்ப்பிணியின் தட்டைக் கவனிப்பது, வீட்டுக் குடிதண்ணீரைக் கவனிப்பது.

இந்த நடுவே டப்பாக்காரர்கள் வேறு. மாதாமாதம் பவுடருக்குக் கொட்டும் காசில் முட்டையும் பருப்பும் எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குப் போடுங்கள், இரண்டால் வகுக்காமல். எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் எந்தப் பவுடரும் ஒரு மில்லிமீட்டர்கூட ஏற்றாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, கோடு போட்டு, தேதி எழுதுங்கள். நாலு வயதிலிருந்து பருவம் எட்டும்வரை வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும். நாலைவிடக் குறைந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அங்கன்வாடிப் பிள்ளை என்றால், எழுதிவைத்த உயரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். குறைவாக இருந்தால், அதற்கு என்ன செய்தார்கள் என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

'என்ன உயரம் வருவான்?' என்று கேட்டால், பதில் சொல்லிவிட்டு எல்லோரும் சும்மா இருந்துவிடலாம். 'போன வருஷத்திலிருந்து எவ்வளவு வளர்ந்தான்?' என்று கேட்டால், யாராவது ஏதாவது செய்தே ஆக வேண்டும்.