சாதனங்களிடம் சாவியைக் கொடுக்கலாமா?

பள்ளிப் பாடத்தில் கணிப்பொறியின் கட்டப்படம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் உள்ளீட்டுப் பகுதி, வலப்பக்கம் வெளியீட்டுப் பகுதி, நடுவில் மையச் செயலகம், அதனோடு ஒட்டி நினைவகம். உள்ளே வரும் தகவல் எல்லாம் மையச் செயலகத்தின் கைவழியாகவே நினைவகத்துக்குப் போவதுபோல அம்புக்குறிகள் போட்டிருக்கும். படம் எளிமையானது, மனத்தில் நன்கு பதியக்கூடியது. ஆனால் இன்று நம் மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கு அது பொருந்தாது. வட்டு, நெட்வொர்க் அட்டை, கிராபிக்ஸ் அட்டை, வைஃபை சில்லு ஆகிய யாவும் நேரே நினைவகத்தில் எழுதுகின்றன. அங்கிருந்து நேரே படிக்கின்றன. மையச் செயலகம் அவ்வேளையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு நேரடி நினைவக அணுகல் என்று பெயர். சுருக்கமாக டி.எம்.ஏ. என்பார்கள்.

இப்படி நுழையும் சாதனங்களை யார் கண்காணிக்கிறார்கள்? இயக்க அமைப்பின் நடுப்பகுதியான கெர்னல்தான் கண்காணிக்க வேண்டும். கெர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. லினக்ஸ், விண்டோஸ் போன்ற ஒவ்வோர் இயக்க அமைப்பின் உள்ளேயும் அப்படி ஒரு பருப்பு உண்டு. அது இந்தக் காவல் வேலையை நெடுங்காலம் அரைமனத்தோடுதான் செய்து வந்தது என்பது என் கருத்து. வேகம் குறையும் என்று சொல்லிக் காவலைத் தளர்த்துவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தப் பழக்கம் மாற வேண்டும்.

முதலில், இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று பார்ப்போம். 1950-களில் ஐ.பி.எம். 704 என்ற பெரிய கணிப்பொறியில் காந்த நாடாவிலிருந்து வரும் ஒவ்வொரு தகவல் துண்டையும் மையச் செயலகமே வாங்கி நினைவகத்தில் வைக்க வேண்டியிருந்தது. நாடா மெதுவாகச் சுற்றும். விலையுயர்ந்த செயலகம் காத்துக் கிடக்கும். அடுத்து 1958-ல் நிறுவப்பட்ட 709-ல் இதற்கெனத் தனி உறுப்புகளை வைத்தார்கள். "இத்தனை தகவலை எடுத்து இந்த இடத்தில் வை" என்று கட்டளையிட்டுவிட்டுச் செயலகம் தன் கணக்கைப் பார்க்கப் போய்விடலாம். வேலை முடிந்ததும் செய்தி வரும். 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யிலும் இன்டெல் 8237 என்ற சில்லு இதே வேலையைத்தான் செய்தது.

ஒரு மொத்த வியாபாரக் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை ஒவ்வொரு மூட்டையையும் தானே தூக்கிவைத்தால் கணக்கு எழுத ஆள் இருக்காது. ஆகவே சுமை தூக்குவோரை அழைத்து, "17-ஆம் அடுக்கில் கொண்டுபோய் வை" என்று சொல்லிவிடுகிறார். நல்ல யோசனைதான். ஆனால் கிடங்குக்குள் போனவர் 17-ஆம் அடுக்கில்தான் கை வைக்கிறாரா, பக்கத்தில் இருக்கும் பணப்பெட்டியிலும் கை வைக்கிறாரா என்று யார் பார்ப்பது?

பழைய கணிப்பொறிகளில் யாரும் பார்க்கவில்லை. அன்று கெர்னலுக்கு இருந்த கவலையே வேறு. 1984-ல் வந்த பி.சி. ஏ.டி. இயந்திரத்தில் முகவரிக் கம்பிகள் 24. எனவே அந்தக் காலத்து அட்டைகளால் முதல் 16 மெகாபைட்டுக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாது. பின்னால் நினைவகம் பெருகியபோதும் பழைய அட்டைகள் குட்டையாகவே நின்றன. லினக்ஸ் கெர்னல் அவற்றுக்காக அடியிலுள்ள 16 மெகாபைட்டைத் தனி மண்டலமாக ஒதுக்கி வைத்தது. உயரத்தில் இருக்கும் தகவல் அட்டைக்கு வேண்டுமானால், கெர்னல் அதைக் கீழே ஓரிடத்தில் படியெடுத்து வைக்கும். அட்டை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கைக்கு எட்டாத குழந்தைக்குப் பரண்மேல் இருக்கும் பண்டத்தை இறக்கித் தருவதுபோல. இந்த இடைநிலை இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது வேறு வேடத்தில் வரும்.

முதல் எச்சரிக்கை 2004-ல் வந்தது. அன்று ஃபயர்வயர் என்ற இணைப்பு வீடியோ கேமராக்களுக்கும் இசைக் கருவிகளுக்கும் பெரிதும் பயன்பட்டது. வெளியிலிருந்து செருகும் சாதனம் நினைவகத்தை நேரே தொடலாம் என்பது அந்த இணைப்பின் விதிகளிலேயே இருந்தது. மாக்சிமில்லியன் டார்ன்சைஃப் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ஓர் ஐபாடைச் செருகி, அதைக் கொண்டு கணிப்பொறியின் நினைவகத்தைப் படித்தும் மாற்றி எழுதியும் காட்டினார். பாட்டுக் கேட்கும் கருவிதான் அது! திரை பூட்டியிருந்தாலும் பயனில்லை. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரலே நினைவகத்தில்தானே இருக்கிறது? வட்டு முழுவதையும் குறியீட்டு மொழியில் பூட்டி வைத்திருந்தாலும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பூட்டின் சாவி நினைவகத்தில்தான் இருக்கும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. கிடங்கு வாசலில் பட்டியலோடு ஒரு காவலாளியை நிறுத்துவதுதான் மருந்து. அந்தக் காவலாளிச் சில்லுக்கு ஐ.ஓ.எம்.எம்.யூ. என்று பெயர். பெயர் வாயில் நுழையாது, வேலை எளிது. கெர்னல் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பட்டியல் எழுதித் தருகிறது. சாதனம் ஒரு முகவரியைச் சொல்லி நினைவகத்தைக் கேட்டால், காவலாளி அதைப் பட்டியலில் தேடி, உண்மையான முகவரியாக மாற்றி உள்ளே விடுகிறார். பட்டியலில் இல்லையென்றால் கதவு திறக்காது. கெர்னலுக்குப் புகாரும் போகும். சன் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் 1990-களிலேயே இது இருந்தது. இன்டெல், ஏ.எம்.டி. செயலகங்களோடு வரும் இயந்திரங்களிலும் பல ஆண்டுகளாக இருக்கிறது.

அப்படியானால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. காவலாளி சம்பளம் கேட்கிறார். அந்தச் சம்பளம் நேரம்.

நெட்வொர்க் அட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு பொட்டலம் வந்தால் அதை வைக்க நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அதைப் பட்டியலில் எழுத வேண்டும். அட்டை எழுதி முடித்ததும் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும். காவலாளி விரைவுக்காகப் பட்டியலின் சில வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பார். அதையும் "மறந்துவிடு" என்று சொல்ல வேண்டும். இந்த மறக்கச் சொல்லும் வேலைதான் மெதுவானது. நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பில், மிகச் சிறிய பொட்டலங்களாக வந்தால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் வரும். ஒரு பொட்டலத்துக்குக் கிடைப்பது சுமார் 67 நானோ நொடி. அதற்குள் எழுதி, அடித்து, மறக்கச் சொல்லி முடிப்பது எப்படி? கெர்னல் எழுதுவோரின் இந்தச் சங்கடம் உண்மையானது. அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அவர்கள் கண்ட குறுக்குவழியைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் மறக்கச் சொல்லாமல், சேர்த்து வைத்து மொத்தமாகச் சொல்கிறார்கள். லினக்ஸில் இந்தத் தாமதம் 10 மில்லி நொடி வரை போகலாம். மிகக் குறைவுதானே என்று தோன்றும். நெட்வொர்க் அட்டையின் கணக்கில் அது ஒரு யுகம். அந்த இடைவெளியில், கெர்னல் திரும்ப வாங்கி வேறு வேலைக்குக் கொடுத்துவிட்ட இடத்தை அட்டை இன்னும் தொட முடியும். வீட்டைக் காலி செய்தவரிடம் சாவி இருக்கிறது. புதுக் குடித்தனமும் வந்துவிட்டது!

இன்னொரு சிக்கலும் உண்டு. காவலாளி நினைவகத்தைப் பக்கம் பக்கமாகத்தான் காண்பார். வழக்கமான பக்கம் ஒன்று 4096 பைட். பொட்டலமோ பெரும்பாலும் 1500 பைட்டுக்குள். மிச்ச இடத்தில் கெர்னல் வேறு எதையாவது வைத்திருந்தால் அதுவும் சாதனத்தின் கண்ணில் படும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2019-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து தண்டர்கிளாப் என்ற ஆய்வை வெளியிட்டார்கள். நெட்வொர்க் அட்டைபோல நடிக்கும் ஒரு சாதனத்தைச் செய்து, தண்டர்போல்ட் செருகுவாயில் மாட்டிப் பார்த்தார்கள். விண்டோஸின் பல பதிப்புகள் காவலாளியைப் பயன்படுத்தவே இல்லை. லினக்ஸின் பல வெளியீடுகளில் காவலாளி இருந்தும் பணியில் அமர்த்தப்படவில்லை. மாக் கணிப்பொறிகளில் பணியில் இருந்தார். ஆனால் பொட்டலத்தின் அருகிலேயே கெர்னலின் முக்கியக் குறிப்புகள் கிடந்ததால் அங்கும் வழி கிடைத்தது. லினக்ஸில் கண்ட இன்னொரு ஓட்டை சிரிப்பை வரவழைக்கும். "நான் தரும் முகவரி ஏற்கனவே சரிபார்க்கப்பட்டது" என்று சாதனமே சொல்லலாம் என ஒரு விதி இருந்தது. காவலாளியும் நம்பி விட்டுவிடுவார். சீட்டில் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வரும் சுமைக்காரரை நினைத்துப் பாருங்கள்.

திருத்தங்கள் வந்தன. விண்டோஸ் 10-ன் 2018 பதிப்பில் கெர்னல் டி.எம்.ஏ. பாதுகாப்பு என்ற வசதி, அதற்கேற்ற புதிய இயந்திரங்களுக்காகச் சேர்க்கப்பட்டது. லினக்ஸ் 2019-ல் வெளிச் செருகுவாயில் வரும் சாதனங்களை "நம்பத்தகாதவை" என்று தனியே குறிக்கத் தொடங்கியது. அவற்றுக்கு மொத்தமாக மறக்கச் சொல்லும் சலுகை இல்லை. கையெழுத்தைத் தானே போடும் சலுகையும் இல்லை. அத்தோடு, ஒரு பக்கத்தில் பாதிதான் அவற்றுக்கு உரியது என்றால், அந்தப் பாதியைத் தனிப் பக்கத்தில் படியெடுத்து அதை மட்டும் காட்டுகிறார்கள். ஆம், எட்டாத அட்டைக்கு இறக்கித் தந்த அதே பழைய இடைநிலை இடந்தான்! இயலாமைக்காகச் செய்த ஏற்பாடு, அவநம்பிக்கைக்காக மறுபடி பயன்படுகிறது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "கணிப்பொறி திருடன் கையில் கிடைத்துவிட்டால் எப்படியும் போயிற்று, இதற்கு ஏன் இத்தனை பாடு?" என்பார்கள். நான் இதை ஏற்கவில்லை. திருகாணியைக் கழற்றி உள்ளே கைவைக்க நேரம் வேண்டும், பார்ப்பவர் கேட்பார்கள். ஒரு கம்பியைச் செருகச் சில நொடி போதும். யாரும் கேட்க மாட்டார்கள். மேலும், தண்டர்போல்ட் செருகுவாயும் சார்ஜ் ஏற்றும் செருகுவாயும் இன்று ஒரே வடிவில் இருக்கின்றன. எந்தக் கம்பிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாதாரணப் பென் டிரைவைப் பற்றி இந்த வகையில் பயப்பட வேண்டாம். அது தானாக நினைவகத்தைத் தொடுவதில்லை, தாய்ப்பலகையில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லுதான் தொடுகிறது. ஆனால் 2018-ல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி. எக்ஸ்பிரஸ் வகை நினைவக அட்டைகள் அப்படியல்ல. நகத்தளவு அட்டைக்கும் நேரடி அணுகல் வந்துவிட்டது.

தீய எண்ணம் இல்லாத சாதனங்களும் உண்டு. அவை பழுதாகித் தவறான முகவரியில் எழுதுவதும் உண்டு. காவலாளி இல்லாத இயந்திரத்தில் அப்போது எங்கோ ஒரு கோப்பு கெடும், யாருக்கும் காரணம் விளங்காது. காவலாளி இருந்தால், எந்தச் சாதனம் எந்த முகவரியைக் கேட்டது என்ற பதிவு கிடைக்கும். இந்த ஒன்றுக்காகவே அவருக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

என் முறையீடு இன்னும் ஓரடி முன்னே போகிறது. வெளியே செருகுவது சந்தேகத்துக்குரியது, உள்ளே பற்றவைத்தது நம்பிக்கைக்குரியது என்று லினக்ஸ் கோடு கிழித்திருக்கிறது. வட்டுக்கு இது சரியாக இருக்கலாம். வைஃபை சில்லுக்குச் சரியா? 2017-ல் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ ஆய்வுக் குழு, கைப்பேசியின் வைஃபை சில்லை வானலை வழியாகவே கைப்பற்றி, அங்கிருந்து மையச் செயலகம் வரை போக முடியும் என்று காட்டியது. கம்பி இல்லை, செருகுவாய் இல்லை, யாரும் அருகில் வரவும் இல்லை. எதிர்ப்படும் எவருடைய அலையையும் வாங்கிப் படிப்பதே வேலையாக உள்ள சில்லை, பெட்டிக்குள் இருக்கிறது என்பதற்காக வீட்டு மனிதராகக் கொள்ளக் கூடாது. அதையும் வெளிச் சாதனமாகவே கெர்னல் நடத்த வேண்டும். வீட்டு வைஃபையின் வேகத்தில், கண்டிப்பான காவலால் ஏற்படும் தாமதத்தைப் படம் பார்ப்பவரோ பாடம் படிப்பவரோ உணரப் போவதில்லை. நொடிக்குக் கோடிக்கணக்கில் பொட்டலம் வாங்கும் பெரிய சேவையகங்கள் தங்களுக்குத் தளர்வு வேண்டுமென்றால், அவற்றை நடத்துவோர் தாங்களே அறிந்து, ஒரு வரி எழுதித் தளர்த்திக்கொள்ளட்டும். அவர்களுடைய அவசரத்துக்காக நம் வீட்டு இயந்திரங்கள் எல்லாம் தளர்வோடு பிறக்க வேண்டியதில்லை.

உங்கள் இயந்திரத்தின் நிலையை நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கத்தைத் திறந்தால் 'கெர்னல் டி.எம்.ஏ. புரொடெக்ஷன்' என்று ஒரு வரி இருக்கும். எதிரே ஆன் அல்லது ஆஃப் என்று காட்டும். ஆஃப் என்று கண்டால் ஆசிரியரிடமோ, இயந்திரத்தைப் பராமரிப்பவரிடமோ காட்டுங்கள். பழைய இயந்திரமானால் வழி இல்லாமல் போகலாம். புதியதானால், கணிப்பொறி விழிக்கும்போது வரும் அமைப்புப் பக்கத்தில் அந்தக் காவலாளியை யாரும் பணியில் அமர்த்தாமல் விட்டிருக்கிறார்களா என்று அவர் பார்த்துச் சொல்வார்.