வழிகாட்டி கிடைப்பது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது

ஐஜெம் என்றொரு போட்டி இருக்கிறது தோழர்களே. செயற்கை உயிரியலில் கல்லூரி மாணவர்கள் அணி அணியாகக் கலந்துகொள்ளும் உலகப் போட்டி. பாக்டீரியா போன்ற நுண்ணுயிரிகளின் மரபணுவில் புதிதாகச் சிலவற்றைச் சேர்த்து, மனிதருக்கு வேண்டிய வேலையைச் செய்ய வைப்பதுதான் இந்தத் துறை. 2003-ல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் மாணவர் வகுப்பாகத் தொடங்கி, 2004-ல் 5 அணிகளின் போட்டியாக மாறியது. இன்று 400-க்கும் மேற்பட்ட அணிகள் வருகின்றன. 2022 முதல் இறுதி நிகழ்வு பாரிஸில் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஐஐடி மெட்ராஸ், தஞ்சை சாஸ்த்ரா அணிகள் போயிருக்கின்றன.

இதை "மாணவர் போட்டி" என்கிறார்கள். ஆனால் மாணவர் மட்டும் நினைத்தால் இதில் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு பேராசிரியர் முதன்மைப் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். மரபணு மாற்ற வேலை என்பதால், 1989 விதிகளின்படி நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதிக்க வேண்டும். டிஎன்ஏ ஆர்டர் செய்ய, ராத்திரி எட்டு மணிக்கு மேல் லேப் திறந்திருக்க, பதிவுக் கட்டணத்துக்கான லட்சங்களைத் திரட்ட, ஆங்கிலத்தில் நடுவர்முன் பேசிப் பழக்க என எல்லாவற்றுக்கும் பின்னால் ஆலோசகர்கள் நிற்கிறார்கள். அணியில் யார் என்ன செய்தார்கள், யார் உதவினார்கள் என்று பகிரங்கமாக எழுதியாக வேண்டும் என்பது ஐஜெம்மின் விதி. அந்தப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். மாணவரின் திறமைக்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்று தெரியும்.

2009-ல் பெங்களூரு சிருஷ்டி கலைக் கல்லூரி மாணவர்கள் இந்தப் போட்டிக்குப் போனார்கள். உயிரியல் படிக்காதவர்கள். முதல் மழையின் மண்வாசனையைத் தரும் பாக்டீரியாவை உருவாக்குவது அவர்கள் திட்டம். தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்சிபிஎஸ் தன் ஆய்வகக் கதவைத் திறந்துவிட்டது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. உயிரியல் பட்டம் இல்லாதவர்களுக்கே கதவு திறக்க முடிகிறதென்றால், பட்டம் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஏன் திறப்பதில்லை என்று கேட்கிறேன்.

பதில் சாதியில் இருக்கிறது. 2007-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சாதிப் பாகுபாட்டை ஆராய்ந்த தோராட் குழுவிடம், பட்டியலின, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றார்கள். முன்னணி ஐஐடிகளிலும் பெங்களூரு ஐஐஎஸ்சி-யிலும் தலித், ஆதிவாசிப் பேராசிரியர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை என்று 'நேச்சர்' இதழ் 2023-ல் எழுதியது. அட்மிஷனில் இடஒதுக்கீடு உண்டு, சீட் கிடைத்துவிடும். "இந்தப் பையன் கெட்டிக்காரன், டீமில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பேராசிரியர் இன்னொருவரிடம் டீக்கடையில் சொல்வதற்கு இடஒதுக்கீடு கிடையாது. வழிகாட்டுதல் அந்த இடத்தில்தான் பங்கு போடப்படுகிறது.

நேரமும் அப்படித்தான். ஐஜெம் அணிகளின் முக்கியமான லேப் வேலை கோடை விடுமுறையில் நடக்கும், சம்பளம் கிடையாது. அதே கோடையில் நம் மாணவர்கள் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போய் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் சேர்க்கிறார்கள். "ஆர்வமில்லை" என்று ஆசிரியர் எழுதும் குறிப்புக்குப் பின்னால் பல சமயம் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது.

இதில் நஷ்டம் நமக்கு மட்டுமல்ல, அறிவியலுக்கும்தான். உள்ளூர்ப் பிரச்சினையைச் சம்பந்தப்பட்ட மக்களோடு பேசி ஆராய வேண்டும் என்று ஐஜெம் கேட்கிறது. 2022 ஏப்ரலில் எங்கள் வில்லாபுரத்துக்குப் பக்கத்தில், பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீர் உந்து நிலையத்தில் மூன்று தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் உள்ள அணி, விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் பாக்டீரியா சென்சார் செய்யலாம் என்று யோசிக்கும். அந்த மூவரின் தெருவிலிருந்து ஒருவர் அணியிலோ ஆலோசகராகவோ இருந்தால், "2013 சட்டம் தடுத்த பிறகும் மனுசன் ஏன் உள்ளே இறங்குகிறான்?" என்று முதல் நாளே கேட்பார். வில்லாபுரத்தில் குடிதண்ணீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் தோழர் லீலாவதி 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். தண்ணீர்ப் பிரச்சினையில் யார் பிழைப்பு நடத்துகிறார்கள் என்பதை இந்தத் தெருக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நடுவர்களுக்குக் காட்டுவதற்காக எடுக்கும் பேட்டியில் மட்டும் நம் மக்களுக்கு இடம் கொடுத்தால் போதாது.

அண்ணல் அம்பேத்கருக்கு ஒரு கேளுஸ்கர் கிடைத்தார். பம்பாய்ப் பூங்காவில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சிறுவனைக் கவனித்த அந்த ஆசிரியர் புத்தகம் கொடுத்தார். பின்னாளில் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணை நின்றார். அந்த உதவியோடு படித்த பிள்ளைதான் 1913-ல் கொலம்பியா போனார். அது நடந்தது தற்செயல். அந்தப் பூங்காவுக்கு வராத பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது. நூறு வருடம் கழித்தும் நாம் தற்செயலை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே கேட்போம். இத்தகைய அணிகளுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு எல்லாத் துறைப் பலகையிலும் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும். தேர்வுமுறை எழுத்தில் இருக்க வேண்டும். கோடையில் லேபில் நிற்கும் முதல் தலைமுறை மாணவருக்கு மாத உதவித்தொகை வேண்டும். 'நான் முதல்வன்' திட்டத்தில் இதற்கு இடம் ஒதுக்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் உயிரித் தொழில்நுட்பத்தில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. சமீப ஆண்டுகளில் சம்பளம் போடவே திணறியது. அதைக் காப்பாற்றும் போராட்டமும் நம் பிள்ளைகளின் ஆய்வகத்துக்கான போராட்டம்தான்.

நமக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. ஐஜெம் அணியின் ஆலோசகர் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிஎச்.டி. செய்யும் அக்காவும், கம்பெனி லேபில் வேலை பார்க்கும் அண்ணனும் ஆலோசகராகலாம். வாசலைத் தாண்டிவிட்டவர்கள் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்குங்கள். படிக்கும் தம்பி தங்கைகளே, கூச்சப்படாமல் அவர்களிடம் கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, உரிமை.

ஜெய்பீம்.