கால் முறிந்தால் கதை முடிந்ததா?

களத்து மேட்டில் கால் இடறி விழுந்தாள் ஒரு கிழவி. தொடை எலும்பு முறிந்தது. வீட்டில் கயிற்றுக் கட்டிலில் மூன்று மாதம் கிடந்தாள். பெற்ற மகனையே ஒரு நாள் “நீ யாரப்பா?” என்று கேட்டாள். அடுத்த அறுவடைக்கு அவள் இல்லை. “வயசாச்சு, விதி முடிஞ்சுது” என்று ஊர் சொல்லிற்று.

தோழர்களே! இந்தக் கதை நடக்காத சேரி ஏது? மில் தொழிலாளர் குடியிருக்கும் சந்து ஏது? முப்பது வருஷம் ரிங் பிரேம்களுக்கு நடுவே நடந்து நடந்து தேய்ந்த கால், வேலையிலிருந்து நின்ற பிறகு கக்கூஸ் வாசலில் வழுக்கி முறிகிறது. நாற்பது வருஷம் சேற்றில் குனிந்து நாற்று நட்டவளின் இடுப்பு, வரப்பில் இடறி முறிகிறது. வீட்டார் தலையில் கை வைத்துக்கொண்டு விதியை நோகிறார்கள்.

விதியின் மேல் பழியைப் போட்டால் யாருக்கு லாபம்? ஆஸ்பத்திரியில் டாக்டரைப் போடாத சர்க்காருக்கு லாபம். உழைப்பை உறிஞ்சிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிய முதலாளிக்கு லாபம். ஆகவேதான் இந்த விஷயத்தை நாம் பேச வேண்டியிருக்கிறது.

படுக்கைதான் எமன்

வயதானவர் விழுந்தால் பல சமயம் முறிவது தொடை எலும்பின் கழுத்து. இடுப்போடு சேரும் இடம். எலும்பு முறிந்ததால் மட்டும் உயிர் போவதில்லை. அதன் பிறகு வரும் படுக்கைதான் உயிரைக் குடிக்கிறது.

2007-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்து போயிற்று. நோயில்லாதவருக்கே பத்து நாளில் இந்த கதி என்றால், முறிந்த எலும்போடும் அரை வயிற்றுக் கஞ்சியோடும் மூன்று மாதம் கிடப்பவளின் கதி என்ன? முதுகில் படுக்கைப் புண். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். கால் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டி. எமன் வருவது இந்த வழிகளில்தான்.

இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர், சில இடங்களில் மூன்று பேருக்கு ஒருவர், ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பிழைத்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பழைய நடை திரும்புவதில்லை. கிணற்றடிக்கும் கொல்லைக்கும் தானே போய் வந்தவள், எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்த்துக் கிடக்கிறாள்.

புத்தி தடுமாறுவது ஏன்?

கால் முறிந்ததற்கும் புத்தி மாறாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு.

முதலில் வருவது திடீர்ச் சித்தக் குழப்பம். தீராத வலி, தண்ணீர் குடிக்காமை, தூக்கமின்மை, மூத்திரத் தாரையில் நோய், அறிமுகமில்லாத வார்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டதால் மங்கிய பார்வை: இவை சேர்ந்து ஒரே இரவில் ஆளைப் புலம்ப வைத்துவிடும். “பேய் பிடித்தது” என்று பூசாரியைக் கூப்பிடுகிறோம். “கிழத்துக்குப் புத்தி கெட்டுப் போச்சு” என்று ஒதுக்கி விடுகிறோம். இந்தக் குழப்பம் வந்தவர்களுக்குப் பின்னால் டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்லும் மறதி நோய் வரும் அபாயம் அதிகம். அதற்கு மேல் நடமாட்டம் நின்று, திண்ணைப் பேச்சு நின்று, நாலு சுவரைப் பார்த்துக் கிடந்தால் மூளையும் காலைப் போலவே துருப்பிடிக்கிறது. நடமாட்டமின்மை, தனிமை, படிப்பு மறுக்கப்பட்டது ஆகிய மூன்றும் மறதி நோயை வளர்க்கின்றன என்று லான்செட் பத்திரிகையின் நிபுணர் குழு 2024-ல் கூறியது. இந்த மூன்றும் யாருடைய சொத்து? நம்முடைய சொத்துத்தானே!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கால் முறிந்த எல்லோருக்கும் மறதி நோய் வருவதில்லை. சிலருக்கு நோய் முன்பே தொடங்கியிருக்கும். தடுமாறி விழுந்ததே அதன் முதல் அடையாளமாக இருக்கும். விழுந்தால் மறதி, மறதியால் மறுபடி விழுதல் என்று செக்குமாட்டைப் போல இது சுற்றி வருகிறது. நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்த நோயோடு வாழ்வதாக 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வு கணக்கிட்டது. பெண்களிடையிலும் கிராமங்களிலும் அதிகம் என்றும் கண்டது.

சங்கிலியை அறுக்க முடியும்

முடியாது என்று சொல்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கட்டும். அங்கே தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்ற இலவசப் பொது வைத்திய சேவை இருக்கிறது. இடுப்பு முறிந்த ஒவ்வொருவரின் கணக்கையும் 2007 முதல் தேசிய அளவில் பதிவு செய்தார்கள். 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், எலும்பு டாக்டரோடு முதியோர் டாக்டரும் சேர்ந்து கவனிப்பது: இந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம் என்று 2010-ல் விதி செய்தார்கள். ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறார்கள். முறிவு ஏற்பட்ட 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 2007-ல் நூற்றுக்கு 10.9 பேர்; 2011-ல் 8.5 பேர். நான்கே வருஷத்தில்! அங்கே உள்ள கிழவிகளின் விதி மட்டும் மாறிவிட்டதா? மாறியது ஆஸ்பத்திரியின் ஏற்பாடு.

சித்தக் குழப்பத்தையும் தடுக்க முடியும். 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆஸ்பத்திரியில் இருந்த முதியவர்களுக்குக் கண்ணாடியைக் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், இரவில் தூங்க விட்டார்கள், பகலில் நடக்க வைத்தார்கள், பேச்சுக் கொடுத்தார்கள். குழப்பம் வந்தவர்கள் நூற்றுக்கு 15 பேரிலிருந்து 10 பேராகக் குறைந்தார்கள். இதற்குத் தங்க பஸ்பமா வேண்டும்? போதிய ஆட்கள் வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே என்ன நடக்கிறது?

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஒரு திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். நாம் கேட்கிறோம்: லாரி மோதி முறிந்த காலுக்கு மணிக்கணக்கு உண்டு, வரப்பில் இடறி முறிந்த காலுக்கு அந்தக் கணக்கு ஏன் இல்லை? இரண்டும் ஒரே எலும்புதானே? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடைப் பயிற்சி கொடுப்பவர் வீட்டுக்கே வருவார் என்று இருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை கதவைத் தட்டினார்? எண்ணிச் சொல்லுங்கள்.

எழுபது வயதானால் 5 லட்சம் ரூபாய்க்கு இன்சூரன்ஸ் என்று மத்திய சர்க்கார் 2024-ல் தம்பட்டம் அடித்தது. அந்தக் கார்டு ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். வீடு திரும்பிய பிறகு பதினைந்து நாள் செலவைப் பார்க்கும். பதினாறாம் நாள் முதல் யார் பார்ப்பது? மருமகள் பார்க்கிறாள். அவளுடைய நடவுக் கூலி போகிறது. மகள் பார்க்கிறாள். அவளுடைய மில் ஷிப்டு போகிறது. ஒரு கால் முறிந்தால் ஒரு குடும்பத்தின் இரண்டு கைகளும் முறிகின்றன. இந்தப் பணிவிடைக்குச் சர்க்கார் கணக்கில் கூலி இல்லை, பெயர்கூட இல்லை.

பென்ஷனைப் பாருங்கள். முதியோர் பென்ஷனில், எண்பது வயதுக்கு உட்பட்டவருக்கு மத்திய சர்க்காரின் பங்கு 2007-ல் 200 ரூபாய். 2024-லும் அதே 200 ரூபாய். மில்லில் மாடாய் உழைத்தவருக்குப் பிராவிடண்டு பண்டு பென்ஷனில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். பத்து வருஷம் கழித்தும் அது அசையவில்லை. முட்டையும் பாலும் வாங்கவா, ஊன்றுகோல் வாங்கவா, ஆட்டோவுக்குக் கொடுக்கவா?

“பணம் எங்கே?” என்கிறார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை நூற்றுக்கு 30-லிருந்து 22 ஆக இறக்கினார்களே, அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே சொன்னாரே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? முதலாளிக்கு அள்ளிக் கொடுக்கக் கை நீளுகிறது. கிழவியைத் தூக்கி நிறுத்த மட்டும் கை வரவில்லை!

நாம் கேட்பது

இடுப்பு முறிந்த முதியவருக்கு மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே இரண்டு நாட்களுக்குள் ஆபரேஷன். எத்தனை பேருக்கு நடந்தது என்ற கணக்கு மாதாமாதம் வாசலில் ஒட்டப்பட வேண்டும். நடைப் பயிற்சி கொடுப்பவர் வாரந்தோறும் வீட்டுக்கு வர வேண்டும். படுக்கையில் கிடப்போரைக் கவனிக்கக் கேரளத்தின் இடதுசாரி அரசு 2008-ல் தனிக் கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகளை அதில் இறக்கியது. அதைப் போல இங்கும் பஞ்சாயத்து தோறும் நர்சு வேண்டும். வேலையை விட்டுப் பணிவிடை செய்பவருக்கு உதவித் தொகை வேண்டும். விலைவாசியோடு உயரும் பென்ஷன் வேண்டும்.

கோரிக்கை வெல்லும் வரை சங்கக் கிளைகள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். விழுந்த முதியவருக்கு இடுப்பு வலித்து, காலை ஊன்ற முடியவில்லையென்றால் கட்டுப் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரைக் கேட்டு மறுநாளே எழுப்பி நிற்க வையுங்கள். கண்ணாடி கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், பேச்சுக் கொடுங்கள். ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் துணைக்கும் வைத்தியம் பெறலாம். இதை அறியாத பழைய தொழிலாளிகளைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள். அந்த உரிமைகூட இல்லாத காண்ட்ராக்ட் கூலிகளையும் விவசாயத் தொழிலாளிகளையும் ஒன்று திரட்டுங்கள்.

அந்தக் கிழவி நட்ட நெல்லைத்தான் நாடு தின்றது. அந்தக் கிழவன் நூற்ற நூலைத்தான் நாடு உடுத்தியது. அவர்கள் கடைசி வரை சொந்தக் காலில் நிற்கவும், பெற்ற பிள்ளையின் முகத்தை மறக்காமல் சாகவும் வழி செய்வது நாட்டின் கடன். கடனை வசூலிக்கத் திரண்டு வாருங்கள்!