வேலை எங்கே என்று யார் முடிவு செய்வது?



கணிப்பொறி விளையாட்டுத் தொழிலுக்கு இந்த ஏட்டில் ஒரு தலையங்கமா என்று சிலர் வியக்கலாம். தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் உழலும் நமக்கு அங்கே என்ன வேலை என்றும் கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் பிள்ளைகள் அனிமேஷனும் கணிப்பொறியும் படித்துவிட்டு அந்தத் தொழிலின் வாசலில்தான் போய் நிற்கிறார்கள். விளையாட்டு என்ற பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். உருவம் வரைபவர், அதை நடக்கவும் ஓடவும் வைப்பவர், நிரல் எழுதுபவர், ஒரே கட்டத்தை நூறு முறை ஆடிப் பார்த்துக் குறைகளை எழுதித் தரும் சோதனையாளர் என எல்லோரும் சம்பளத்துக்கு உழைப்பவர்களே.

அந்தத் தொழிலில் சில ஆண்டுகளாக ஒரு வழக்கு ஓய்ந்தபாடில்லை. எங்கே உட்கார்ந்து வேலை செய்வது என்பதுதான் அந்த வழக்கு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஊழியர் வீடுகளே தொழிற்கூடங்கள் ஆயின. நாற்காலி ஊழியருடையது, மின்கட்டணம் ஊழியருடையது, அறையின் வாடகையும் அவருடையதே. விளையாட்டுகள் அப்போதும் உருவாயின, விற்கவும் செய்தன. ஆபத்து நீங்கியதும் நிர்வாகத்தாரின் குரல் மாறிற்று. பெங்களூரிலும் கூடம் வைத்திருக்கும் ராக்ஸ்டார் நிறுவனம், 2024 ஏப்ரல் முதல் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரவேண்டும் என்றது. உற்பத்தித்திறனையும் பாதுகாப்பையும் காரணம் காட்டிற்று. 2022 செப்டம்பரில் அந்நிறுவனத்தின் முடிக்கப்படாத விளையாட்டுக் காட்சிகள் திருட்டுப் போனது உண்மை. ஆகவே பாதுகாப்புக் கவலையை வெறும் சாக்கு என்று நாம் தள்ளிவிட மாட்டோம். ஆனால் அதற்கு வழி என்ன என்று தொழிலாளரை உட்கார வைத்துப் பேசாமல், உத்தரவாகவே போட்டது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட், வாரம் மூன்று நாள் அலுவலகம் என்று 2024இல் விதித்தது. பிரான்சின் தொழிலாளர்கள் அந்த அக்டோபரில் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2026 ஜனவரியில் அதே நிர்வாகம் மூன்று நாளை ஐந்தாக்கப் போவதாக அறிவித்தது.

இது எங்கோ பாரிஸ் நகரத்துச் செய்தி அல்ல. யூபிசாஃப்டுக்குப் புனேயில் ஒரு கூடமும், 2018இல் தொடங்கிய கூடம் ஒன்று நம் மும்பையிலும் உண்டு. இந்த இரண்டு கூடங்களும் சேர்ந்து ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ என்ற பழைய விளையாட்டைப் புதுப்பிப்பதாக 2020 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. இந்தியக் கைகளுக்கு வந்த பெரிய வேலை அது. காட்சித் தரம் போதாது என்று விமரிசனம் எழுந்தது. வெளியீடு தள்ளிப்போயிற்று. 2022 மே மாதம் வேலையைக் கனடாவின் மாண்ட்ரியால் கூடத்துக்கு மாற்றினார்கள். 2026 ஜனவரியில், அந்த ஐந்து நாள் அறிவிப்பு வந்த அதே சமயத்தில், விளையாட்டையே கைவிட்டார்கள். வேலை மட்டும் ஒரே அறிவிப்பில் கடல் கடந்து போகலாமாம். அதைச் செய்கிறவனின் நாற்காலி செம்பூருக்கு நகர்ந்தால்தான் ஒழுங்கு கெட்டுவிடுமாம்!

வேலையின் இடத்தை மாற்றுவது முதலாளிகளின் பழைய ஆயுதம் என்பதைப் பம்பாய்க்காரர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆலைகள் ஓய்ந்தன, நெசவு ஓயவில்லை. அது பிவண்டியின் விசைத்தறிகளுக்குப் போயிற்று. அங்கே ஒரே வாயிலில் ஆயிரம் பேர் கூடுவதில்லை. சங்கம் கட்டுவது அதனாலேயே கடினமாயிற்று.

வீட்டிலிருந்து வேலை என்பதைப் புதிய கண்டுபிடிப்புப் போல எழுதினார்கள். தாராவிக்கு அது பழங்கதை. (விடியுமுன் இட்லி அவித்து மாட்டுங்காவுக்குக் கொண்டுபோவது நம் சொந்த வியாபாரம், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) தைத்த துணியில் நூல் வெட்டுவதும் மணி கோப்பதும் துண்டுக் கூலி வேலைகள். நம் பெண்கள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அவற்றைச் செய்கிறார்கள். விளக்குக்கும் இடத்துக்கும் காசு கிடையாது, உடம்புக்கு முடியாத நாளில் கூலியும் கிடையாது. முதலாளி யார் என்றே பலருக்குத் தெரியாது, தெரிந்தவர் தரகர் ஒருவரே. அடுத்த சந்தில் அதே வேலையைச் செய்கிறவளுக்கு என்ன கூலி என்பதும் தெரியாது.

ஆகவே வீடுதான் விடுதலை என்று நாம் கொடிபிடிக்கப் போவதில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், இரவுப்பணி முடித்த தகப்பன் தூங்கும்போது, மகள் எந்த மூலையில் கணிப்பொறியைத் திறப்பாள்? அவளுக்கு அலுவலகமே மேல். அங்கே மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தொழிலும் கற்கலாம். கைக்குழந்தைக்காரிக்கும், தினம் இரண்டு ரயில் மாறி வருகிறவனுக்கும் கணக்கு வேறு. தாராவி மறுசீரமைப்பில் தகுதியில்லை என்று எழுதப்பட்டுத் தொலைவில் குடியேற்றப்படும் குடும்பங்களுக்கோ, அந்தக் கணக்கு நாளை முற்றிலும் மாறிப்போகும்.

நாம் கேட்பது இதுதான்: இடத்தைத் தொழிலாளரோடு பேசி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வீட்டில் வேலை வாங்கினால் இயந்திரம், இணையம், மின்சாரம் மூன்றுக்கும் செலவைக் கொடுங்கள். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் அதையும் மிகைநேரமாக எண்ணுங்கள். வீட்டில் உழைப்பவரையும் மற்றத் தொழிலாளரைப் போலவே நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்திய அரசு அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

சங்கம் என்றதும் நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. 2025 அக்டோபர் இறுதியில் ராக்ஸ்டார் பிரிட்டனிலும் கனடாவிலும் முப்பதுக்கு மேற்பட்டோரை நீக்கிற்று. ரகசியத்தை வெளியிட்டார்கள் என்கிறது நிர்வாகம். சங்கத்தை ஒடுக்கும் செயல் என்கிறது சங்கம். ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் கணிப்பொறித் துறையினருக்குச் சங்கங்கள் உள்ளன. தொழில்நுட்ப வேலை செய்பவரும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நமக்குக் கசப்பானவை பல உண்டு. பணிநியமனக் கடிதம் கட்டாயம் என்பது மட்டும் நல்ல பங்கு. அந்தக் கடிதத்தில் ‘நிர்வாகம் விரும்பும் எந்த இடத்திலும்’ என்று ஒரு வரி இருக்கிறதா, வேலைநேரம் எழுதியிருக்கிறதா, வீட்டுச் செலவு யார் பொறுப்பு என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் புரியவில்லையெனில், பிள்ளை கையெழுத்திடும் முன் கடிதத்தைச் சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.